படகுப் பட்டையின் நிறம்

மணமேல்குடி
28.11.2024

அறிவுச்செல்வனுக்கு,

உன் அக்கா திலகவதி எழுதுகிறேன். ஒன்றரை வருஷமாக உன்னோடு பேச்சு இல்லை. இப்போதும் பேசுவதற்காக எழுதவில்லை. இந்தக் கவரில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதை மட்டும் அனுப்பினால் என்னவென்று உனக்கு விளங்காது.

உன் மச்சான் கடலுக்குப் போய்ப் பதினேழு நாளாகிறது. 11ஆம் தேதி அவரும் பிச்சைமுத்து அண்ணனும் நண்டு வலையை எடுத்து வரப் போனார்கள். பத்து மணிக்குக் கரையில் இருக்க வேண்டியவர்கள். எட்டு மணிக்கு வாடைக்காற்று பிடித்தது. மற்றப் படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. இவர்கள் வரவில்லை. கடலோரக் காவல்படையினர் கப்பலில் தேடினார்கள், நம் ஊர்ப் படகுகளும் ஐந்து நாள் தேடின. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். என் மகள் காதுகுத்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னால், "மச்சான், மெட்ராசுக்கு வந்து வாட்ச்மேன் வேலையாச்சும் பாருங்க. ஒருநாள் கடலோட போயிருவீங்க, எங்க அக்கா நடுத்தெருவுல நிப்பா" என்று சொன்னவன் நீ. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். அந்த வாய்க்கு இந்தச் செய்தியை நானே கொண்டுவந்து கொடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இப்போது வேறு வழியில்லை. காணாமல்போன ஒன்பதாம் நாள், தெற்கே இருந்து வந்த விசைப்படகுக்காரர் ஒருவர் கடலில் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து ஒருபக்கமாக மிதப்பதைப் பார்த்து போனில் வீடியோ எடுத்திருக்கிறார். பத்தொன்பது விநாடி. அலை அடித்ததால் அவரால் கிட்டத்தில் போக முடியவில்லை. மறுநாள் தேடிப் போனபோது அங்கே ஒன்றும் இல்லை. படகின் நம்பர் தண்ணீருக்குள் இருக்கிறது. அலை தூக்கும்போது விளிம்பில் ஓடும் பட்டை மட்டும் தெரிகிறது.

நம் படகின் பட்டை அரக்கு நிறம். வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை அவரே அடித்தார். அதே வாரத்தில் ராமநாதபுரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன படகும் திரும்பவில்லை. அதில் மூன்று பேர். அந்தப் படகின் பட்டை ஆரஞ்சு. ஆக, பட்டை அரக்கு என்றால் எங்கள் படகு. ஆரஞ்சு என்றால் அவர்களுடையது.

என் போனில் ஆரஞ்சாகத் தெரிகிறது. மீனவர் சங்கத்து டிவியில் போட்டால் கறுத்த சிவப்பு. கடைத்தெரு ஸ்டூடியோவில் இருக்கிற பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் கம்ப்யூட்டரில் எடிட்டிங்கில் திறந்தால் ஒரு நிறம், சும்மா பிளேயரில் ஓட்டினால் இன்னொரு நிறம். ஒரே திரை, ஒரே படம். "எனக்கே வெளங்கலக்கா. மெட்ராசுல பெரிய எடத்துல பாக்குறவங்ககிட்டக் குடுங்க" என்றாள். வீடியோ எடுத்தவரையே கேட்டோம். "செவப்பு மாதிரித்தான் இருந்துச்சு. வெயிலு கண்ணக் கூசிருச்சு, சத்தியம் பண்ண முடியாது" என்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் கெட்டுவிடும் என்று அவர் போனிலிருந்து நேராக இந்த பென்டிரைவில் ஏற்றி வாங்கினோம்.

மாமியார் காரியம் செய்துவிடலாம் என்கிறார். தாலியை இறக்கச் சொல்கிறார்கள். எங்கள் படகு இல்லை என்றால் அவர்கள் அக்கரைப் பக்கம், இலங்கையில் ஒதுங்கியிருக்கலாம், அங்கே பிடித்து வைத்திருக்கலாம். அப்படி மாதக்கணக்கில் இருந்து வந்தவர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.

சினிமாப் படத்துக்கு நிறம் திருத்துகிற வேலைதானே உனக்கு, என்ன நிறம் என்று பார்த்துச் சொல். எனக்காக இல்லாவிட்டாலும் பிச்சைமுத்து அண்ணன் சம்சாரம் ராசாத்தி அக்காவுக்காகச் சொல். அந்த அக்கா சோறு தின்று பதினேழு நாளாகிறது.

திலகவதி

*

சென்னை
4.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் நானும் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. பட்டை ஆரஞ்சுதான். அது மச்சானுடைய படகு இல்லை.

ஏன் இப்படி மாறி மாறித் தெரிகிறது என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே, அதையும் எழுதுகிறேன். வீடியோவுக்குள் இருப்பது நிறம் இல்லை அக்கா, எண்கள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று எண்கள். அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஃபைலுக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கும். சில பிளேயர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்து நடக்கும். சிலது பார்க்காமல் தன் வழக்கப்படி காட்டும். அப்போது ஒன்றில் இருட்டான இடம் இன்னும் கறுத்துப்போகும், மற்றதில் எல்லாம் வெளுத்துப்போகும். அந்த விசைப்படகுக்காரரின் போன் புது மாடல், வெளிச்சத்தை வேறு விதமாகப் பதிவு செய்கிற வகை. அதனால்தான் உங்கள் ஊர் டிவி குழம்பியிருக்கிறது.

இங்கே எங்கள் ஆபீசில் நிறம் பார்ப்பதற்கென்றே சரிசெய்து வைத்த திரை இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்தேன். குறிப்பைச் சரியாகப் படிக்க வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு. சந்தேகமே இல்லை. பெரிதாக்கி இரண்டு பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் காட்டு. நான் பார்த்துச் சொன்னேன் என்று சொல். தாலியை இறக்காதே.

காதுகுத்தில் சொன்னதற்கு என்ன எழுதினாலும் போதாது. மச்சான் வந்ததும் நேரில் வந்து அவர் காலில் விழுகிறேன்.

அறிவு

*

மணமேல்குடி
15.12.2024

தம்பி அறிவுக்கு,

உன் கடிதத்தைச் சங்கத்தில் வைத்து நானே வாசித்தேன். எல்லாரும் பிரிண்டைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மாமியார் காரியப் பேச்சை விட்டுவிட்டார். ராசாத்தி அக்காவைத் தூக்கி உட்காரவைத்து ரசம் சோறு ஊட்டினேன். நாலு வாய் வாங்கினார். "ஒந்தம்பி நல்லாருக்கணும்டி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் உன்னை மனசுக்குள் என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தவள். அதையெல்லாம் மறந்துவிடு.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். அக்கரையில் பிடிபட்டவர்கள் பெயர் வந்ததும் சொல்வதாக அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்த ராமநாதபுரம் பக்கத்து ஊரிலிருந்து செய்தி கேட்டு 7ஆம் தேதி ஆட்கள் வந்தார்கள். போன மூன்று பேரில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. அவர்களுடைய அப்பா சிவசாமி, எழுபது வயது இருக்கும். மூத்தவன் கவியரசனுடைய மனைவி தேவிப்ரியா, இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான்தான் பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், நிழலில் பிடித்துப் பார்த்தார். "எங்க போட்டுல பட்டை இம்புட்டு அகலம் இல்லயே தாயி" என்றார். கூட வந்தவர்கள், "மெட்ராசுல மிஷின்ல பாத்துச் சொல்லிருக்காக, அப்புறம் என்ன" என்றார்கள். தேவிப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "படிச்சவுக பாத்துச் சொன்னா சரியாத்தேன் இருக்கும். இல்லக்கா?" என்று என்னையே கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன். 10ஆம் தேதி மூன்று பேருக்கும் காரியம் முடித்து அவளுக்குத் தாலியை இறக்கிவிட்டார்களாம்.

அவள் போனதும் என் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உன் மச்சானுடைய அண்ணன் மலையாண்டி சும்மா இருக்க மாட்டேன் என்கிறார். எங்கேயோ நடுக்கடல் மணல் தீடையில் ஒதுங்கித் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறதாம். 18ஆம் தேதி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தென்கிழக்கே தேடப் போகிறார். காற்று இன்னும் அடங்கவில்லை, பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அறிவுதேன் உறுதியாச் சொல்லிட்டான்ல. இருக்கிறவனத் தேடாம எப்புடிம்மா இருக்கிறது" என்கிறார்.

பொங்கலுக்கு ஊருக்கு வா. வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொன்னதை நான் மறந்துவிட்டேன்.

உன் அக்கா
திலகவதி

*

சென்னை
18.12.2024

அக்கா,

உன் கடிதம் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. படித்த உடனே சங்கத்துக்குப் போன் செய்தேன். மலையாண்டி அண்ணன் காலையிலேயே புறப்பட்டுவிட்டார் என்றார்கள். "எப்படியாவது திரும்பக் கூப்பிடுங்க" என்று கத்தினேன், காரணத்தைச் சொல்லவில்லை. "அங்க ஏது தம்பி டவர்?" என்றார்கள். உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்தாய். "சொல்றா தம்பி" என்றாய். அந்தக் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய்.

பட்டை அரக்கு நிறம். அது மச்சானுடைய படகுதான்.

நான் தவறாகப் பார்க்கவில்லை. முதல் நாளே, முதல் தடவையே தெரிந்துவிட்டது. வீடியோ தொடங்கும்போது இரண்டு விநாடிக்கு அந்த விசைப்படகின் ஓரமும் அதில் கட்டியிருக்கும் தேசியக் கொடியும் மூலையில் வருகிறது. கொடியின் காவி எப்படி இருக்கும், பச்சை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கொடி சரியான நிறத்துக்கு வரும்படி வைத்தால் பட்டை அரக்குதான். வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை.

இரண்டு நாள் உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'ஒருநாள் கடலோட போயிருவீங்க' என்று சொன்ன நானே 'ஆமாம், போய்விட்டார்' என்று எழுத வேண்டும். கை வரவில்லை. மூன்றாம் நாள் ஆபீசில் அந்தப் படத்தைத் திறந்து பட்டையை ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தினேன். அதிக நேரம் ஆகவில்லை. நடிகையின் முகத்தை வெளுப்பாக்குவதும் மப்பான வானத்தை நீலமாக்குவதும்தான் எனக்குத் தினசரி வேலை. பட்டை ஆரஞ்சானதும் கொடியின் காவி மஞ்சளாகிவிட்டது. அந்த மூலையை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டேன்.

ஒரு மாதம், இரண்டு மாதம் உனக்கு அவகாசம் கிடைக்கட்டும், மெல்ல மெல்ல நீயே புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். அந்த இன்னொரு வீட்டைப் பற்றி நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். படித்தும் எனக்கு அது ஒரு வீடாகத் தோன்றவில்லை. ஒரு நிறமாகத்தான் தோன்றியது.

திருத்தாத பிரிண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலையில் கொடி இருக்கிறது. மலையாண்டி அண்ணன் திரும்பியதும் ஒரு வார்த்தை தெரிவிக்கச் சொல். நீ எழுத வேண்டாம், யாரையாவது சொல்லச் சொல்.

அறிவு

*

மணமேல்குடி
11.1.2025

அறிவுச்செல்வனுக்கு,

மலையாண்டி 22ஆம் தேதி மதியம் கரைக்கு வந்தார். இன்ஜின் கோளாறாகி, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. அது ஓடும்போதே சரிசெய்யப் போய் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கூடப் போனவர்களுக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரிடம் நான் அதை வாசித்துக் காட்டினேன். அவர் பிரிண்டை மட்டும் கேட்டு வாங்கினார். பட்டையைப் பார்த்துவிட்டு, "நாந்தேன் அன்னைக்கு பிரஷ்ஷப் புடிச்சுக் குடுத்தேன்" என்றார். அதற்கப்புறம் அழுதார்.

27ஆம் தேதி இரண்டு பேருக்கும் காரியம் முடிந்தது. ராசாத்தி அக்கா என்னிடம் பேசுவதில்லை. அவர் மறுபடியும் சாப்பிடாமல் கிடக்கிறார். நான் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே அந்த ஊருக்குச் சங்கத்திலிருந்து போன் போடச் சொன்னேன். கண்டது எங்கள் படகுதான், உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, தேடுங்கள் என்று சொல்லச் சொன்னேன். போனை எடுத்தவர், இங்கே எல்லாரும் சுடுகாட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினோம் என்றிருக்கிறார். பெரியவர் சிவசாமி காரியம் முடிந்த நாளிலிருந்து சோற்றைத் தொடவில்லையாம், பிறகு பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றாராம். ஒன்பது நாள் அப்படியே கிடந்து 19ஆம் தேதி சாயங்காலம் போய்விட்டார்.

ஜனவரி 2ஆம் தேதி அக்கரையிலிருந்து பெயர்கள் வந்தன. அவர் மகன்கள் இரண்டு பேரும், கூடப் போனவரும் உயிரோடு இருக்கிறார்கள். இன்ஜின் கெட்டு அந்தப் பக்கம் ஒதுங்கிப் பிடிபட்டிருக்கிறார்கள். விடுதலையாக இன்னும் ஒரு மாதம் ஆகுமாம்.

தேவிப்ரியா போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. "அக்கா, அவுக இருக்காகளாம்க்கா. இந்தச் சேதி தெரிய எங்க மாமா இல்லாமப் போயிட்டாகளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என் புருஷனைப் பற்றிக் கேட்டாள். அது எங்கள் படகுதான் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. "அந்த மிஷின் தப்பாக் காட்டிருச்சாமேக்கா. அதுக்கு ஒங்க தம்பி என்ன செய்வாக, பாவம்" என்றாள்.

நான் மறுத்துப் பேசவில்லை. உனக்காகச் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. அதை நான் சொல்லக் கூடாது. நீ செய்தாய், நீ போய்ச் சொல். கவியரசனும் அவர் தம்பியும் வந்தபிறகு அவர்கள் வீட்டுக்குப் போ. தபாலில் அனுப்பாதே, போனில் சொல்லாதே. அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்.

நீ எனக்குப் பதினைந்து நாள் கொடுத்தாய். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பதினைந்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், மகளுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன், அவர் வந்தால் படுக்கப் பாயை உதறி வைத்தேன். அதே நாட்களில்தான் பெரியவர் சிவசாமி தண்ணீர் வேண்டாம் என்று கிடந்திருக்கிறார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வர வேண்டாம்.

திலகவதி

*

சென்னை
3.3.2025

அக்காவுக்கு,

நேற்று போய் வந்தேன். அவர்கள் வந்து பத்து நாள் ஆகிறது. நீ கேட்காவிட்டாலும், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியது என் கடமை.

தேவிப்ரியாதான் கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. "மணமேல்குடி அக்காவோட தம்பிங்க" என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னதும் கவியரசன் எழுந்து வந்தார். மெலிந்துபோய்த் தாடியோடு இருந்தார். என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "ஒங்க மச்சானுக்கு அப்புடி ஆகிப்போச்சேங்க" என்று அவர்தான் முதலில் எனக்கு ஆறுதல் சொன்னார். அவருடைய தம்பி வெளியே போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குள் கவியரசன் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு ஒதவிங்க. எங்க அப்பா போட்டோவே எடுத்துக்கிட மாட்டாரு. இந்த ஒரு வீடியோதேன் இருக்கு. வலைக் கொட்டாய்க்குள்ள உக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு. வெளிய வெயிலு, உள்ள ஒரே இருட்டு. மூஞ்சி தெரியல. மாலை போட ஒரு படம் வேணும். நீங்கதேன் இந்த வேலையெல்லாம் பாக்குறீங்களாமே" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து ஏற்றினேன். பிளேயரில் ஓட்டியபோது கொட்டகைக்கு வெளியே கடல் மட்டும் தெரிந்தது, உள்ளே ஆள் இருக்கும் இடத்தில் வெறும் கறுப்பு. எடிட்டிங்கில் திறந்து, வெளிச்சத்தைச் சரியாகப் படிக்க வைத்தேன். நான் ஒன்றையும் சேர்க்கவில்லை அக்கா, ஒன்றையும் மாற்றவில்லை. இருட்டுக்குள் இருந்த முகம் அப்படியே மேலே வந்தது. நரைத்த புருவம், ஒரு பல் இல்லாத சிரிப்பு, தோளில் நீலத் துண்டு.

கவியரசன் திரைக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்பா தெரியிறாருடி. இங்கிட்டு வந்து பாரு, சிரிக்கிறாரு" என்று கூப்பிட்டார். தேவிப்ரியா குழந்தையோடு ஓடி வந்தாள். அந்த நீலத் துண்டை அவள்தான் வாங்கிக் கொடுத்தாளாம். தம்பியும் அப்போதுதான் வந்து வாசலில் நின்றார்.

அப்போது சொன்னேன். மிஷின் தப்பாகக் காட்டவில்லை என்றேன். எனக்கு நிறம் தெரிந்திருந்தது என்றேன். அக்காவிடம் பொய் சொல்வதற்காக நானே மாற்றினேன், கொடி இருந்த மூலையை வெட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

தம்பி என் சட்டையைப் பிடித்தார். "விடுறா" என்று கவியரசன் சொன்னதும் விட்டுவிட்டார். அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கவியரசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாவுக்குச் சந்தேகம் இருந்துச்சாமே. பட்டை அம்புட்டு அகலம் இல்லன்னாராமே" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவரு கண்ணுக்குச் சரியாத்தேன் தெரிஞ்சிருக்கு" என்றார்.

பிறகு போனிலிருந்து வயரைப் பிடுங்கி எடுத்தார். திரையில் இருந்த முகத்தைக் காட்டி, "இத அழிச்சிருங்க" என்றார்.

படம் சரியாகத்தான் வந்திருக்கிறது, வேறு யாரிடமாவது கொடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள், நான் தொடவில்லை என்று கெஞ்சினேன்.

"நீங்க தொட்டது எங்களுக்கு வேணாம். அழிங்க."

அவர்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். தேவிப்ரியா எனக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறிவுச்செல்வன்